காண்டூர் வரப்பா, வெட்டிவேரா, குறுக்கு உழவா? மானாவாரி விவசாயி எதுக்கு சரின்னு சொல்வாரு

மண்ணரிப்புன்னு பேச்செடுத்தாலே விவசாயிங்களுக்கு விழிப்புணர்வு இல்லைன்னு ஆரம்பிச்சிடறாங்க, எனக்கு அதுல கொஞ்சமும் உடன்பாடு இல்ல. கோவில்பட்டி, அருப்புக்கோட்டை பக்கம் ஐப்பசி மழையில ஓடைத் தண்ணி என்ன நிறத்துல ஓடுதுன்னு பாக்காத ஆளு யாரு? நாடு முழுக்க சராசரியா ஹெக்டேருக்கு வருஷம் 16 டன்னுக்கு மேல மண்ணு அரிச்சுட்டு போகுதுன்னு 1983லயே கணக்கு போட்டாச்சு, அது ஏக்கருக்கு 6 டன்னுக்கு மேல. மேல்மண்ணு போனா வெள்ளாமை போச்சுன்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும். எந்த முறைய வச்சுக்குவாங்க, எதை அடுத்த வருஷமே உழுது தள்ளிடுவாங்கங்கறது தான் பாக்க வேண்டிய விஷயம்.

முதல்ல காண்டூர் வரப்பு, அதாவது சம உயரக் கோட்டுல மண்ண ஒதுக்கிப் போடறது. தண்ணி அங்கங்க நின்னு மண்ணுக்குள்ள இறங்கணும்னா பேப்பர்ல இதை விட சரியான முறை இல்ல. ஆனா காட்டுக்குள்ள வந்து பாருங்க, அண்ணன் தம்பி பாகம் பிரிச்சு பிரிச்சு நிலம் எல்லாம் நீள நீளமா ஒல்லியா கிடக்கு, சம உயரக் கோடு அந்த எல்லைய எல்லாம் பாத்துட்டா போகும், ஒருத்தர் காட்டுல குறுக்கால நுழைஞ்சு இன்னொருத்தர் காட்டுல கோணலா வெளிய வருது, நடுவுல முக்கோணமா விழுந்த துண்டுல டிராக்டர் திரும்ப முடியாது, திரும்பற நேரத்துக்கும் சேத்து மணிக்கணக்குல வாடகை ஓடுது. வரப்பு மட்டுமே சுமார் 5 சதவீத நிலத்தை தின்னுடும், 2 ஏக்கர் வச்சிருக்கறவருக்கு அது 10 சென்ட். கரிசல்ல இன்னொரு தொல்லை, கோடையில வரப்பே வெடிச்சு கிடக்கும், முதல் கனமழையில வெடிப்பு வழியா தண்ணி புகுந்து உடைச்சுடும், உடையலன்னா மேல்பக்கம் நாள் கணக்குல தண்ணி தேங்கி பருத்தி அழுகும், அப்போ அவரே மம்பட்டி எடுத்து வெட்டி விடுவாரு. வெட்டின தண்ணி கீழ்க்காட்டுக்காரர் பயிருக்குள்ள போய் சண்டையில முடியும்.

ஜான் கெர், சாங்கின்னு ரெண்டு ஆய்வாளருங்க 1992லயே இதைத் தெளிவா எழுதிட்டாங்க, விவசாயிங்களுக்கு தங்களோட எல்லையில இருக்கற வரப்ப பலப்படுத்தறது தான் இஷ்டம்னு. மண்ண அவங்க விட்டுடல, தாழ்ந்த மூலையில கல்லு அடுக்கி வர்ற வண்டலைப் பிடிச்சு வைக்கறாங்க. என்னைக் கேட்டா திட்டம் போடறவங்க முதல்ல போய் பாக்க வேண்டியது அந்த மூலையத்தான்.

வெட்டிவேர் புல்லை வரிசையா வேலி மாதிரி நடறது ரெண்டாவது முறை, இது இந்த எல்லைப் பிரச்சனையில தப்பிச்சுக்குது. 1980கள்ல உலக வங்கி ஆளுங்க இதைப் பெருசா பரப்பினாங்க, ஆனா மைசூர் பக்கம் குண்டலுப்பேட்டையில விவசாயிங்க அதுக்கு ரொம்ப முன்னாடியே வயல் எல்லையில நட்டு வச்சிருந்தாங்க. வேரு 3 மீட்டர் வரைக்கும் நேரா கீழ இறங்கும், பக்கவாட்டுல பரவி பயிரை அவ்வளவா கெடுக்காது, புல்லு நெருக்கமா நின்னு தண்ணிய வடிகட்டி விடும், மண்ணு மட்டும் பின்னாடி தங்கிடும். தண்ணி தேங்காததால கரிசலுக்கும் ஒத்து வரும். சிக்கல் எங்கன்னா, இடைவெளி இல்லாம வேலியா அடைய ரெண்டு மூணு பருவம் ஆகும், முதல் வருஷம் காயாம பாத்துக்கணும், செத்த இடத்துல மறுபடி நடணும், இளசா இருக்கறப்போ ஆடு மாடு மேயும். நடுவுல ஒரு இடம் விட்டுப் போச்சுன்னா மொத்த தண்ணியும் அந்த வழியா பாய்ஞ்சு அங்கயே பள்ளம் விழும். கடலூர்ல வேருக்காகவே வளக்கறாங்களே, நாமளும் வித்துக்கலாமேன்னு சில பேர் கேப்பாங்க, வேரைத் தோண்டினா வேலியும் போச்சு, மண்ணும் இளகிடும், ரெண்டையும் ஒரே வரிசையில எதிர்பாக்காதீங்க.

மூணாவது சரிவுக்கு குறுக்க உழறது, கோடை மழையில ஒரு உழவு போட்டு வைக்கறது. நிலம் ஒரு சென்ட் கூட போகாது, பக்கத்துக் காட்டுக்காரரைக் கேக்க வேண்டாம், களையும் கூண்டுப்புழுவும் அந்த வருஷமே குறையும். ஆனா நிலத்தோட நீளம் சரிவு வாக்குல கிடந்தா டிரைவர் நீளவாக்குல தான் ஓட்டுவாரு, ஒவ்வொரு சாலும் வாய்க்காலா மாறிடும். லேசான சரிவுக்கு மட்டும் தான் இது தாங்கும்.

கம்மாய் வண்டல் விஷயத்தை பாருங்க, 2017ல இலவசமா அள்ளிக்கலாம்னு அரசு சொன்னப்புறம் டிராக்டர் வச்சு கொண்டு வந்து செவக்காட்டுல கொட்டினாங்க. போன மண்ணைத் திரும்ப கொண்டு வர இவ்வளவு செலவு செய்யறவங்க, போகாம தடுக்க தயங்கறாங்கன்னா காரணம் ஒன்னு தான், வண்டலோட பலன் அதே வெள்ளாமையில கண்ணுக்கு தெரியுது, வரப்போட பலன் தெரிய வருஷங்கள் ஆகுது.

அதனால சொந்த நிலமா இருந்தா எல்லை வரப்பை உயர்த்தி அதுமேல வெட்டிவேர், இதுக்கு தான் என் ஓட்டு. வருஷா வருஷம் வாய்வார்த்தையில குத்தகைக்கு ஓட்டறவரு, தன் கையில இருக்குமான்னே தெரியாத நிலத்துல மூணு பருவம் காத்திருந்து புல்லு வளக்க மாட்டாரு, அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவருக்கு குறுக்கு உழவு, அதுவும் டிரைவருக்கு கூடுதல் மணி நேரத்துக்கு யாராவது மானியம் குடுத்தா. காண்டூர் வரப்பு, மேல இருந்து கீழ வரைக்கும் எல்லா காட்டுக்காரரும் ஒன்னா உக்காந்து பேசி, தண்ணி எந்த வழியா வெளிய போகணும்னு முடிவு பண்ணதுக்கு அப்புறம் மட்டும்.