வான் கதவு திறக்கும்போது வந்தவர் எங்கே போவது? வெள்ளத்தைக் காட்டும் மெய்நிகர் கண்ணாடி பற்றி

கிளிநொச்சியில் எங்கள் வீட்டின் பின்பக்க அறைகளை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அறிவியல்நகர் வளாகத்தில் படிக்கும் மாணவிகளுக்கும் இடமாற்றத்தில் வரும் ஆசிரியைகளுக்கும் பல ஆண்டுகளாக வாடகைக்கு விட்டு வருகிறேன். மாரி தொடங்கியதும், "இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறக்கப்படவுள்ளன, தாழ்நிலப் பகுதி மக்கள் அவதானமாக இருக்கவும்" என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். வான் என்பது குளம் நிரம்பினால் மிகுதி நீரை வெளியேற்றும் வழி. எங்களுக்கு அந்த ஒரு வரி போதும். ஆனால் தாழ்நிலம் எது, வான் என்றால் என்ன, தண்ணீர் எந்தப் பக்கமாக வரும் என்பதையெல்லாம் வந்து இரண்டு மாதமான ஒரு பிள்ளை எப்படி அறிவாள்? அதனால்தான், வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்போருக்கு வெள்ள அபாயத்தை, மாட்டிக்கொண்டால் அந்த இடத்திலேயே நிற்பதுபோல் தோன்றச் செய்யும் மெய்நிகர் கண்ணாடியில் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அறையில் இருக்கும் இருவரையும் அழைத்துக்கொண்டு போனேன்.

காட்சி ஏழு நிமிடங்கள்தான். முதலில் இரணைமடுக் குளக்கட்டின் மேல் நிற்கிறோம். குளம் 36 அடிக்கு நிரம்பித் ததும்புகிறது, தலைக்கு மேலே வெயில் எறிக்கிறது, அந்த வெயிலிலேயே கதவுகள் உயர்கின்றன. இதைச் செய்தவர்கள் இந்த மண்ணை அறிந்தவர்கள் என்று அந்த இடத்தில் எனக்குப் பட்டது. கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்திலிருந்து வடக்கே வந்து குளத்தை நிரப்புகிறது. அங்கே இரவில் கொட்டிய மழைக்கு இங்கே மறுநாள் வெள்ளம் வரலாம். வானத்தைப் பார்த்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது என்று நான் எத்தனையோ முறை வாயால் சொல்லியும் ஏறாத விடயம், அந்த ஒரு காட்சியில் பிள்ளைகளுக்கு விளங்கிவிட்டது.

அடுத்ததாகக் கண்டாவளைப் பக்கத்து வீதி ஒன்றில், ஒரு மதகின் அருகே நிற்கிறோம். தண்ணீர் ஓசையின்றி வீதியில் ஏறுகிறது. மதகின் வெள்ளைக் கட்டை முதலில் பாதி மறைகிறது, பிறகு முழுவதும் மறைகிறது. வீதி எங்கே முடிகிறது, வாய்க்கால் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மலையகத்திலிருந்து வந்திருக்கும் ஆசிரியை, தரை காய்ந்த சீமெந்து என்பதையும் மறந்து, வலது காலைத் தூக்கியபடி ஒற்றைக் காலில் நின்றார். கண்ணாடியைக் கழற்றியதும், "எங்கட ஊரில வெள்ளம் இரைஞ்சுகொண்டு வரும் அம்மா, இது சத்தமே இல்லாம வருதே" என்றார். 2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவு முரசுமோட்டையில் என் தங்கை குடும்பம் கட்டிலின் கால்கள் நனைந்த பிறகுதான் விழித்தது என்பதை அப்போது அவருக்குச் சொன்னேன்.

அரை அடி ஓடும் நீர் ஆளைத் தள்ளிவிடும், இரண்டு அடி நீர் பெரும்பாலான வாகனங்களை இழுத்துச் செல்லும் என்பதை எழுத்தில் போடாமல், ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு வான் வண்டியும் வழுகிப் போவதாகவே காட்டியிருப்பது மிகவும் நல்லது.

குறைகளையும் சொல்ல வேண்டும். தண்ணீரை நீல நிறத்தில் காட்டியிருக்கிறார்கள். வன்னியின் வெள்ளம் செம்மண் கரைந்த நிறத்தில் வருவது. அதனுள் கட்டில்லாத கிணறு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, அதுதான் புதியவருக்கு இருக்கும் பெரிய ஆபத்து. விளக்கவுரை தமிழில் மட்டுமே இருக்கிறது. அறிவியல்நகரில் சிங்களப் பிள்ளைகள் ஏராளமாகப் படிக்கும்போது இதை ஒரு சிறு குறையாக எண்ணிக் கடந்துபோக என்னால் முடியவில்லை. என்னுடன் வந்த சிங்கள மாணவி பாதிக்கு மேல் படத்தைப் பார்த்தே ஊகித்துக்கொண்டாள். வந்து போகும் பயணிகளுக்கும் இதைக் காட்டுவதாகச் சொல்கிறார்கள், ஆனால் வட்டுவாகல் பாலம் காட்சியில் இல்லை. முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போகிறவர்கள் பரந்தன் வீதியால் வந்தால் அந்தத் தாழ்ந்த பாலத்தைக் கடந்தே ஆகவேண்டும். நந்திக்கடல் களப்பு கடலோடு சேரும் முகத்துவாரம் மண்மூடிக் கிடக்கும்போது மழை பெய்தால், களப்பு நிரம்பிப் பாலத்தின் மேலால் பாயும். காலையில் கடந்த பாலம்தானே என்று மாலையில் இறங்குகிறவர்கள் வெளியூரார்தான். இந்த ஒரு காட்சிக்காக இன்னும் மூன்று நிமிடம் நீட்டினாலும் தகும்.

எல்லாவற்றையும் விட எனக்கு மனக்குறையாக இருந்தது முடிவுதான். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கம் இரண்டு விநாடி தோன்றி மறைகிறது, அத்துடன் காட்சி முடிந்துவிடுகிறது. பயத்தை ஊட்டிவிட்டு எந்தப் பக்கம் நடப்பது என்று சொல்லாமல் அனுப்பினால், அந்தப் பயத்தால் யாருக்குப் பயன்? பார்ப்பவர் தங்கியிருக்கும் கிராம அலுவலர் பிரிவைக் கேட்டு, அங்குள்ள மேட்டுநிலத்தையும் அதற்குப் போகும் வழியையும் காட்டக்கூடாதா என்று கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த பிள்ளை, வட்டுவாகலையும் சேர்த்துத் தன் கொப்பியில் குறித்துக்கொண்டாள்.

ஒரே ஒரு கண்ணாடிதான் இருப்பதால் ஒரு மணித்தியாலம் காத்திருக்க நேரலாம். தலைசுற்று உள்ளவர்கள் கதிரையில் இருந்தபடி பார்ப்பது நல்லது. இருந்தாலும், வாடகைக்கு அறை விடுகிறவர்கள் தங்களிடம் இருப்பவர்களைக் கட்டாயம் கூட்டிச் செல்லுங்கள்.

திரும்பி வரும்போது ஆசிரியை, "எங்கட வீட்டுக்கு மேடு எந்தப் பக்கம் அம்மா?" என்று கேட்டார். வீட்டுக்குள் போகாமல், மூவருமாக மேட்டிலுள்ள பாடசாலை வரை நடந்து பார்த்தோம். பதினொரு நிமிடம் எடுத்தது.