மில்லிகிராம் தராசு வாங்கப் போகிறவர்களுக்கு: 1,380 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) இழந்தவன் எழுதுகிறேன்

நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு அந்தத் தராசின் அடியில் இருந்த நான்கு திருகாணிகளையும் கழற்றினேன். உள்ளே இருந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. 1,380 வெள்ளி! அந்தப் பணத்துக்கு நான் எத்தனை நாள் உமியோட்டின் (உமி நெருப்புச் சட்டியின்) முன் குனிந்து உட்கார்ந்திருப்பேன் என்பது எனக்குத்தான் தெரியும். இன்னொருவர் இப்படி ஏமாறக் கூடாது என்று, கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வாங்குமுன் ஒரு தராசை எப்படிச் சோதிப்பது என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் நகைப் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா காலத்திலிருந்து இதே தொழில். விற்பனை மேசையில் இருக்கும், அரசு முத்திரையிட்ட தராசில் எந்தக் குறையும் இல்லை. எனக்குத் தேவைப்பட்டது பட்டறைக்கு. நகைத் துண்டுகளை ஒட்டிப் பற்றவைக்கும் பொடிக்காகத் தங்கம், வெள்ளி, செம்பு மூன்றையும் கலக்கும்போது ஒவ்வொரு முறையும் அதே எடை வர வேண்டும். சின்னக் கலவையில் செம்பு ஐந்தாறு மில்லிகிராம் கூடினாலே பொடி உருகும் சூடு மாறும், நிறமும் சிவக்கும். 0.01 கிராம் வரை மட்டுமே காட்டும் தராசுக்கு இந்த வேறுபாடு தெரியாது.

அரிசோனாவில் இருக்கும் என் மைத்துனர் வேட்டைக்குப் போகிறவர். அங்கே உரிய சட்டத்துக்கு உட்பட்டுத் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிறார். வெடிமருந்தை அவர்கள் ‘கிரெயின்’ கணக்கில் நிறுக்கிறார்கள். ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம், நம் குன்றிமணியில் ஏறக்குறைய பாதி. அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஆறரை மில்லிகிராம்வரை பார்த்து நிறுப்பாராம். பெரும்பகுதியை ஒரேயடியாகக் கொட்டிவிட்டு, மீதியைத் துகள் துகளாக உதிர்த்துச் சேர்ப்பார்களாம். மருந்து அளவு மீறினால் அழுத்தம் ஏறித் துப்பாக்கியே வெடித்துவிடக்கூடும். அதனால்தான் அவர்களில் கவனமானவர்கள் மலிவுத் தராசைத் தொடுவதில்லை, மின்காந்த விசையால் எடையைத் தாங்கி அளக்கும் தராசைத்தான் விரும்புகிறார்கள் என்றார்.

இதுதான் என் கண்ணை மறைத்தது. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் ஒரு தோட்டா கையில் இருந்தாலே 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பாயும். உரிமம் இல்லாமல் வீட்டில் தோட்டா நிரப்பவும் இங்கே முடியாது. ஆனாலும் ஒரு பெரிய இணையச் சந்தையில் ‘தோட்டா நிரப்புவோருக்கான மின்காந்தத் தராசு’ என்று பார்த்தவுடன், வெடிமருந்தையே நம்பி நிறுக்கிறார்கள் என்றால் என் பொடிக்கு என்ன குறை வந்துவிடும் என்று நினைத்தேன். விலை 1,380 வெள்ளி.

உடனே வாங்கிவிடவில்லை. விற்பவரிடம் மூன்று நாள் பேசினேன். என் பெயரைப் பார்த்ததும் தமிழிலேயே பேசினார். “அண்ணா, உங்கள் தொழில் எனக்குத் தெரியும். என் தாத்தாவும் பத்தர்தான். உங்களுக்குப் போய்க் கெடுதல் செய்வேனா?” என்று குரல் பதிவு அனுப்பினார். பிறகு ஒரு காணொளி. நீலப் பூப்போட்ட மேசைவிரிப்பு, ஓரம் உடைந்த ஒரு வெள்ளைக் குவளை, பக்கத்தில் தராசு. 20 கிராம் எடைக்கல்லை வைக்கிறார், 20.000 என்று காட்டுகிறது. மனம் நிறைந்து பணம் கட்டினேன்.

தராசு வந்த அன்றே, “அண்ணா, ‘பொருள் கிடைத்தது’ என்ற பொத்தானை அழுத்திவிடுங்கள், அப்போதுதான் உத்தரவாதம் பதிவாகும்” என்றார். பெட்டியைக்கூடச் சரியாகப் பிரிக்கவில்லை, அழுத்திவிட்டேன். அந்தப் பொத்தானை அழுத்தினால்தான் தளம் பிடித்துவைத்திருக்கும் பணம் விற்பவர் கைக்குப் போகும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலை அப்பாவின் பழைய 50 மில்லிகிராம் எடைத் தகட்டை இடுக்கியால் வைத்தேன். 0.047. மதியம் 0.058. தகட்டை எடுத்த பிறகும் 0.006 நின்றது. அதைவிடக் கொடுமை, செம்புத் தூளைச் சிட்டிகை சிட்டிகையாகத் தட்டில் போடுகிறேன், எண் 0.000 விட்டு அசையவில்லை. தூளைக் கொட்டிவிட்டு வெறும் தட்டைத் திரும்ப வைத்தால் -0.041 என்று காட்டுகிறது. மெதுவாக ஏறும் எடையைத் தானாக நகர்ந்த பூச்சியம் என்று நினைத்து அந்தத் தராசு விழுங்கிவிடுகிறது. துகள் துகளாகச் சேர்ப்பதற்கென்றே விற்ற தராசு இது!

கேட்டால், முதல் நாள் “அரை மணி நேரம் சூடாகட்டும் அண்ணா.” இரண்டாம் நாள் “மின்விசிறியை நிறுத்துங்கள்.” நிறுத்தினேன், சன்னலையும் அடைத்தேன், வியர்வை சொட்டச் சொட்ட நிறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் “உங்கள் மேசை ஆடுகிறது.” நான்காம் நாள் ‘அண்ணா’ போய் ‘சார்’ ஆனது. ஐந்தாம் நாள் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) என்னைத் தடை செய்துவிட்டார். தளத்தில் முறையிட்டால், ஒரே பதிலை மூன்று பேர் மூன்று பெயரில் அனுப்பினார்கள்: பொருள் கிடைத்ததாக நீங்களே உறுதி செய்துவிட்டீர்கள், திருப்பித் தர வழியில்லை.

அதற்குப் பிறகுதான் திருகாணியைக் கழற்றினேன். மின்காந்தச் சுருள் எதுவும் இல்லை. விரல் நீள அலுமினியத் துண்டு ஒன்று, அதன்மேல் வெள்ளைப் பசை, பசைக்குள் இருந்து நான்கு மெல்லிய கம்பிகள். பாரம் ஏறும்போது அந்தத் துண்டு வளைவதை அளந்து எடை காட்டும் சாதாரண வகை. மாவு நிறுக்கும் சமையலறைத் தராசிலும் இதே வகைதான் இருக்கிறது. வெப்பம் மாறினால் எண்ணும் நகரும். அந்தக் காணொளியின் சூதும் அப்போதுதான் புரிந்தது. எந்தக் கல்லை வைத்துத் தராசைச் சரிசெய்கிறோமோ அதே கல்லை உடனே வைத்தால் எந்தத் தராசும் சரியாகத்தான் காட்டும். இதற்கா 1,380 வெள்ளி?

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், கை நடுங்குகிறது, முடியவில்லை. சோதித்துப் பார்க்காமல் அந்தப் பொத்தானை அழுத்தாதீர்கள், யார் என்ன சொன்னாலும். எடைக்கல்லைத் தனியாக வேறிடத்தில் வாங்குங்கள், பெரிய கல்லை விட்டுவிட்டு நீங்கள் நிறுக்கப்போகும் எடைக்கு நெருங்கிய கல்லை வையுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே படம் பிடியுங்கள். நிறுவனப் பதிவு எண்ணைப் பணம் கட்டுமுன் கேளுங்கள், நான் கேட்கவில்லை. பொட்டலத்தில் இருந்தது ஒரு சரக்குக் கிடங்கின் முகவரி மட்டும்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுக் கொடுக்க ஐந்து வெள்ளிதான் கட்டணம், 50,000 வெள்ளி வரை கோரலாம். நான் விடப்போவதில்லை. நீலப் பூ விரிப்பும் ஓரம் உடைந்த குவளையும் உள்ள அந்தக் காணொளி உங்களில் யாருக்காவது வந்திருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். அந்த ஆளின் பெயரும் முகவரியும் எனக்கு வேண்டும்.