லைசென்கோவின் கோதுமையும் வாவிலோவின் கோதுமையும்

குளிர்காலக் கோதுமை விதையை நனைத்துக் குளிரில் வைத்தால் அந்தப் பயிர் சீக்கிரம் கதிர்விடும். சரி, அதுவரை உண்மை. ஆனால் அந்தப் பழக்கம் அடுத்த தலைமுறைக்கும் இறங்கும் என்றார் சோவியத் வேளாண் விஞ்ஞானி லைசென்கோ. உடனடி விளைச்சல் தேடிய ஸ்டாலினுக்கு அது பிடித்துப்போனது.

அதே நாட்டுத் தாவர மரபியல் விஞ்ஞானி வாவிலோவ் வழி வேறு. குளிர் தாங்கும் குணம் ஏற்கெனவே சில செடிகளில் இருக்கும். அவை பிழைத்து விதை தரும். பரிணாமம் நடப்பது இப்படித்தான். அதனால்தான் நாடு நாடாக அலைந்து விதை சேர்த்தார்.

அரசியல் லைசென்கோவைத் தேர்ந்தெடுத்தது. 1940இல் கைதான வாவிலோவ் 1943இல் சரடோவ் சிறையில் இறந்தார். 1948இல் சோவியத்தில் மரபியலுக்கே தடை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படை லெனின்கிராட் நகரை முற்றுகையிட்டபோது வாவிலோவின் சகாக்கள் சேர்த்துவைத்த விதைகளின் பக்கத்திலேயே பட்டினியால் செத்தார்கள், அவற்றைத் தின்னவில்லை. நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது.