சிம்மத் துண்டு தருகிறேன் என்பவரிடம் டிக்கெட்டை முதலில் வைக்காதீர்கள்

நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியில் ஆளுக்கொரு தீவை வளர்க்கும் ஆட்டமான அனிமல் கிராஸிங் நியூ ஹொரைசன்ஸ் ஆடுபவர்களுக்கு இந்தப் பதிவு. சிலை போன்றவை செய்யத் தேவைப்படும் ராசித் துண்டுக்காக முன்பின் தெரியாதவர் தீவுக்குக் கிளம்புகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்.

எரிகல் விழும் இரவில் வானத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டால் மறுநாள் கடற்கரையில் நட்சத்திரத் துண்டுகள் ஒதுங்கிக் கிடக்கும். அவற்றோடு அந்தக் காலத்து ராசித் துண்டும் ஒன்றிரண்டு வரும். சிம்மத்துக்கு ஜூலை 23 முதல் ஆகஸ்ட் 22 வரைதான். அந்த நாட்களில் உங்கள் தீவில் மேகமும் மழையுமாகவே இருந்து தொலைத்தால் அடுத்த ஆண்டுதான். ஸ்விட்ச் கடிகாரத்தைத் திருகித் தேதியை மாற்றி வைக்கலாம், எனக்கு அது பிடிக்காது. பிறகு விற்கலாமென்று வாங்கி வைத்த டர்னிப் கிழங்கு வேறு அழுகிவிடும். கடையில் விற்றால் ஒரு துண்டுக்கு ஆட்டத்துப் பணமான பெல்ஸில் 500. ஆனால் செலஸ்ட் என்ற ஆந்தை கொடுத்த சிம்மச் சிலை செய்முறைக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு துண்டில்லாமல் நிற்பவர் 500 பெல்ஸா பார்ப்பார்?

நானும் அப்படி நின்றவன்தான். துண்டுகளுக்கு 10 நூக் மைல்ஸ் டிக்கெட் என்று ஒருவரோடு பேச்சு முடிந்தது. டிக்கெட் ஒன்றுக்கு ஆட்டத்துப் புள்ளிகளான மைல்ஸில் 2,000, ஆக மொத்தம் 20,000. களை பிடுங்கி, மீன் பிடித்து, மரம் வெட்டிச் சேர்த்தது.

அவர் தீவுக்குள் நுழையும் குறியீடான டோடோ கோடு போட்டு இறங்கினால் விமான நிலைய வாசலைச் சுற்றி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் சிம்மத் துண்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன, கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டவில்லை. "முதலில் டிக்கெட்" என்றார். வைத்தேன், எடுத்துக்கொண்டார். "ஒரு நிமிஷம், என் நண்பர் வருகிறார்" என்றார். விமானம் வரும் அறிவிப்பு, எல்லோரும் அப்படியே நின்றோம், யாரோ ஒருவர் இறங்கினார். அடுத்த கணம் இணைப்புத் துண்டிப்பு. நான் என் தீவில் நிற்கிறேன், பையில் டிக்கெட் இல்லை. அதே கோடை மறுபடி போட்டால் செல்லவில்லை. வாசலை மூடித் திறந்தாலே கோடு மாறிவிடும் அல்லவா.

அந்த நண்பர் எதற்கு என்று அப்புறம்தான் விளங்கியது. இந்த ஆட்டத்தில் இருவரும் பொருளை வைத்து இருவரும் ஒப்புக்கொள்ளும் பரிமாற்றப் பெட்டி கிடையாது. எல்லாம் தரையில் போட்டு எடுப்பதுதான். நடுவில் இணைப்பு அறுந்தால் கடைசியாகச் சேமித்த நிலைக்கு எல்லோரும் திரும்பிவிடுவோம். அப்படி மட்டும் நடந்திருந்தால் டிக்கெட் என் பைக்கே வந்திருக்கும். ஆனால் யாராவது வந்தாலோ போனாலோ ஆட்டம் சேமித்துக்கொள்ளும். டிக்கெட் அவர் பையில் இருக்கும்போது ஒருவரை இறக்கினால் கணக்கு அவர் பக்கம் பூட்டப்பட்டுவிடும். பிறகு இணைப்பை அறுத்தால், பாவம், நெட் பிரச்சினை போலிருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம். கெட்டிக்காரத்தனம்தான், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

ஆகவே மொத்தமாக வைக்காதீர்கள். இரண்டு டிக்கெட், பதிலுக்குத் துண்டு, மறுபடி இரண்டு டிக்கெட். வேலிக்குள் நிற்கவைத்துப் பேசுபவரிடம் பொருளையும் உள்ளே போடச் சொல்லுங்கள். உங்கள் முறை முடிந்து அவர் முறை வரும்போது "நண்பர் வருகிறார்" என்றால் அங்கேயே நிறுத்துங்கள். முடிந்தவரை அவரை உங்கள் தீவுக்கு வரச் சொல்லுங்கள், வாசல் உங்கள் கையில் இருக்கும். வருகிறவர் தரையில் கிடப்பதைப் பொறுக்கவும் பூவைப் பறிக்கவும் முடியும் என்பதால் வாசலருகே எதையும் விட்டுவைக்காதீர்கள். "நெருங்கிய நண்பராகச் சேர்" என்று கேட்டால் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் கோடரியும் மண்வெட்டியும் உங்கள் தீவில் வேலை செய்யும்.

இதே துண்டுகளை நிஜப் பணத்துக்கு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே போவது டிக்கெட் இல்லை, உங்கள் கார்டு எண்.

என்னை ஏமாற்றியவரின் பெயர் ஸ்விட்சில் கூட விளையாடியவர்கள் பட்டியலில் இருந்தது. அங்கிருந்தே தடை செய்துவிட்டேன், கூட வந்த நண்பரையும் சேர்த்து.