பூச்சை இறுக்கிற ஹாட்னர் எண்டு தின்னரை ஊத்தித் தந்தவை – திருகோணமலையில லூர் (மீன்பிடிக்கிற பொய்மீன்) செய்யிற ஆக்கள் கவனம்

14,750 ரூபா. லூருக்குப் பூசிற சாமானுக்கு நான் குடுத்த காசு. இந்தக் கணக்கை முதலில சொல்லிப் போட்டுத்தான் மிச்சக் கதை. இண்டைக்குப் பின்னேரம் நாலாவது தரமும் அந்தக் கடைக்குப் போய் வெறுங்கையோட திரும்பி வந்திருக்கிறன். வந்த கையோட, சேட்டுக் கூட மாத்தாமல் இருந்து எழுதுறன். கை இன்னும் நடுங்குது.

கடைப் பேரைப் போடேல்ல. டவுனுக்குள்ள வாகனப் பெயின்ற் விக்கிற ஒரு கடை, அவ்வளவுதான்.

நான் முள்முருக்கங் கட்டையில லூர் செய்யிறனான். 11 சென்ரிமீற்றர், நடுவால கம்பி ஓட்டி, வயித்துக்குள்ள ஈயம் வச்சு. வெங்காயம் வாற வலைப்பையை இறுக்கிச் சுத்தி எயார் பிரஷ் அடிச்சா கும்பளா மீனின்ர செதில் மாதிரியே விழும். ஒரு லூருக்கு நாலு இரவு போகும். நிலாவெளியில வெளிநாட்டு ஆக்களைப் போட்டில மீன்பிடிக்கக் கூட்டிக்கொண்டு போற ஒரு அண்ணை 30 லூர் கேட்டவர். சித்திரை முடியக் கடல் அமர்ந்திடும், அதுக்கு முதல் கையில வேணும் எண்டு 20,000 ரூபா முற்பணமும் தந்தவர்.

இவ்வளவு நாளும் மேல்பூச்சுக்கு எப்பொக்சிதான். பூசிப் போட்டுச் சும்மா தொங்க விட்டா வழிஞ்சு வயித்தில குமிழாக் கட்டும். அதால பழைய மைக்ரோவேவ் அடுப்பின்ர தட்டுச் சுத்துற மோட்டரைக் கழட்டி, அதில லூரைக் கொழுவி, இறுகுமட்டும் சுத்த விட வேணும். பளபளப்பு நல்லாத்தான் வரும். ஆனா திக்கு. கொக்கி மாட்டிற வளையம் அடைஞ்சு போகும், வாய்த்தகட்டின்ர விளிம்பு மொத்தமாகும். ரெண்டு கோட் போட்டா 2, 3 கிராம் ஏறும். 20 கிராம் லூருக்கு அது சின்னப் பாரமில்லை. ஈயம் வச்சுப் பாத்த சமநிலை மாறி, துடிச்சு ஓட வேண்டிய லூர் கட்டை மாதிரி இழுபடும். வெயிலில கிடந்தா மஞ்சளும் பிடிக்கும். மெல்லிசா வேணுமெண்டு தளபாடத்துக்குப் பூசிற லெக்கரையும் ஒருக்காப் போட்டுப் பாத்தன். சீலா மீன் ஒரு கடி கடிச்சதும் வெடிச்சுது. வெடிப்புக்குள்ளால தண்ணி போய் மரம் ஊதி, பெயின்ற் கழண்டு போச்சு. ரப்பர் மீன் லூரோட ஒரே பெட்டிக்குள்ள வச்சதும் இளகி ஒட்டிப் போச்சு.

அதாலதான் கார் கிளியருக்கு, அதாவது வாகனப் பெயின்ற்றுக்கு மேலால பூசிற நிறமில்லாத பூச்சுக்கு வந்தன். டூ கே எண்டு சொல்லுறது, ரெண்டு சாமான் கலக்கிற பொலியூரித்தேன் கிளியர். கிளியரும் ஹாட்னரும் சேர்ந்தாத்தான் அது இறுகும். இறுகினா மெல்லிய தோல் மாதிரி இருக்கும், வெயில் தாங்கும், தின்னர் பட்டாலும் கரையாது. லூருக்கு இதை விடத் தோதான பூச்சு எனக்குத் தெரியாது.

பங்குனியில அந்தக் கடைக்குப் போனன். முதலாளி ஐயா மேசையில இருந்தவர். லூர் ஒண்டைக் கையில எடுத்துக்கொண்டு போனனான், வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தார். "இதெல்லாம் நீரே செய்யிறீரா தம்பி?" எண்டார். ஆற்ற மகன் எண்டு கேட்டார், சொன்னன். "அட, உம்மட அப்பா போட்டுக்குப் பெயின்ற் எடுக்கிறது என்னட்டத்தானே. அவருக்கு ஒரு நாளும் பிழையான சாமான் குடுத்ததில்லை" எண்டார். அப்பா போய் ஆறு வருசம். அந்த ஒரு சொல்லில நான் இளகிப் போனன். பிறகு அவர் என்ன தந்தாலும் வாங்கியிருப்பன்.

ஒரு லீற்றர் கிளியர், மூடின ரின்னில. அது சரி. ஹாட்னர் அரை லீற்றர் ரின் முடிஞ்சுதாம், பெரிய ரின்னில இருந்து ஊத்தித் தாறன் எண்டு உள்ளுக்குப் போனார். வரேக்க கையில ஒரு பழைய தண்ணிப் போத்தில். லேபல் இல்லை, திகதி இல்லை. "ரெண்டுக்கு ஒண்டு கலவும் தம்பி, கண்ணாடி மாதிரி நிக்கும்." 14,750 ரூபாவை எண்ணிக் குடுத்தன். பில் கேட்டன். "எங்கட ஆக்களுக்குள்ள என்ன பில், நான் இஞ்சதானே இருக்கிறன்" எண்டார்.

அண்டிரவே கலந்தன். 400 மில்லி கிளியருக்கு 200 மில்லி. விசிறினாப் புகை நெஞ்சுக்குக் கூடாது எண்டு முக்கித்தான் எடுத்தனான், அதுவும் வெளி விறாந்தையில, கரி பில்டர் வச்ச முகமூடி போட்டுக்கொண்டு. 30 லூரையும் ஒண்டொண்டா முக்கி, வாலில கம்பி போட்டுக் கொடியில தூக்கினன். லைற் வெளிச்சத்தில 30 கும்பளாவும் அப்பிடி மினுங்கிச்சுது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினன். மிச்சக் கலவையை ஜாம் போத்திலுக்குள்ள விட்டு மூடி மேசைக்குக் கீழ வச்சன்.

அடுத்த நாள் தொட்டா ஒட்டேல்ல. சரி எண்டு வேலைக்கு ஓடிட்டன், ஜாம் போத்திலைத் திரும்பிப் பாக்கேல்ல. ஒரு கிழமை விட்டு நகத்தால அழுத்திப் பாத்தன், பிறை மாதிரி அடையாளம் விழுந்துது. நெஞ்சு திக்கெண்டுது. ஒண்டைக் கொண்டு போய் டச்பேக் கடலில எறிஞ்சு பாத்தன். அரை மணித்தியாலம் போகேல்ல, பூச்சு பால் மாதிரி வெளிறிப் போச்சு. கைநீளச் சீலாக்குஞ்சு ஒண்டு கவ்வி விட்டுது. தூக்கிப் பாத்தா, முதுகில இருந்து வால் வரைக்கும் பூச்சு ஒரே உரியாத் தொங்குது, வாழை நார் மாதிரி. அதோட சேர்ந்து செதிலும் வந்திட்டுது.

வீட்டுக்கு வந்து ஜாம் போத்திலைத் திறந்தன். தண்ணி. ஒரு கிழமைக்குப் பிறகும் ஆட்டினா ஆடுது. சரியான ஹாட்னர் விழுந்திருந்தா அடுத்த நாளே உள்ளுக்கு இறுகி, போத்திலைத்தான் எறிய வேண்டி வந்திருக்கும்.

கிண்ணியாவில கராஜ் ஒண்டில வாகனத்துக்குப் பெயின்ற் அடிக்கிற ஒரு நானாவிட்ட ரெண்டையும் கொண்டு போனன். அவர் அந்தத் தண்ணிப் போத்திலை மணந்து பாத்திட்டு ஒண்டும் சொல்லேல்ல. என்ர கிளியரில கொஞ்சத்தை எடுத்துத் தன்ர ஹாட்னரோட ஒரு யோகட் கோப்பைக்குள்ள கலந்தார். இன்னொரு கோப்பையில அதே கிளியர், என்ர போத்தில் சாமான். "நாளைக்கு வந்து பாருங்க தம்பி" எண்டார். அடுத்த நாள் போனா, முதல் கோப்பையில கலக்கின குச்சி கல்லுக்குள்ள நட்ட மாதிரி நிக்குது. என்ர கோப்பையைச் சரிச்சார், ஓடுது. "கிளியரில பிழையில்ல. இது ஹாட்னர் இல்ல தம்பி, தின்னர்."

இனிக் கடை. முதல் நாள் போனன். "மழை ஈரமாயிருக்கும் தம்பி, அதுதான் இறுகேல்ல." பங்குனி வெயிலில தார் றோட்டு உருகுது, இவர் மழை ஈரம் எண்டுறார். ரெண்டாம் நாள், "மரத்தில எண்ணெய்ப் பிடிப்பு இருந்திருக்கும், உங்கட பெயின்ற் பிழையாயிருக்கும்." கோப்பை ரெண்டையும் மேசையில வச்சன். அதைக் குனிஞ்சும் பாக்கேல்ல. "கொம்பனி ஆள் வருவார், அவரிட்டக் கேட்டுச் சொல்லுறன்." கொம்பனி ஆள் எப்ப வருவார்? "போன் பண்ணுறன்." பண்ணேல்ல. நான் எடுத்தா மணி அடிக்குது, எடுக்கினமில்லை. மூண்டாம் நாள் கடைப்பெடியன் சொல்லுறான் முதலாளி கொழும்புக்காம். அவற்ற மோட்டச்சைக்கிள் வாசலில நிக்குது. அந்தப் பெடியனை நான் ஏசேல்ல, அவனுக்குச் சொல்லிக் குடுத்தது அவ்வளவுதான்.

இண்டைக்கு ஆளைப் பிடிச்சன். என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு கேட்டார், "பில் இருக்கா?"

அப்பாவின்ர பேரைச் சொல்லி வித்த மனுசன். பில் எதுக்கு எண்டு கேட்ட அதே வாய். 14,750 ரூபாவை விட எனக்கு அந்தக் கேள்விதான் தாங்கேலாமல் இருக்கு. "ஐயா, அப்பாவுக்கும் இதைத்தான் ஊத்திக் குடுத்தனீங்களா?" எண்டு கேட்டன். மறுமொழி இல்லை. வேற ஆளுக்குப் புட்டி ரின் எடுக்க எழும்பிப் போயிட்டார்.

நிலாவெளி அண்ணைக்கு முற்பணத்தைத் திருப்பிக் குடுக்க வேணும். அவர் ஒண்டும் சொல்லமாட்டார், அது இன்னும் கஷ்டம்.

எந்தக் கிளியர் நல்லது, எத்தினை கோட், எவ்வளவு நேரம் எண்டு விபரமா எழுதித் தாறன் எண்டு போன மாசம் கனபேருக்குச் சொன்னனான். இப்ப அதுக்கு மனம் இல்லை. இதை மட்டும் பிடிச்சுக்கொள்ளுங்கோ.

ஊத்தித் தாற ஹாட்னரை வாங்காதேங்கோ. மூடின ரின், லேபல், கிளியரும் ஹாட்னரும் ஒரே கொம்பனி. திறந்த ஹாட்னர் காத்தில உள்ள ஈரத்துக்கே பழுதாகும், கலங்கியிருந்தாத் தொடாதேங்கோ. வாங்கின அண்டே 10 மில்லி மட்டும் கலந்து ஒரு கோப்பையில விடுங்கோ, அடுத்த நாள் அது கல்லாகாட்டி ஒரு லூரையும் முக்காதேங்கோ. நான் அதைச் செய்யாமல் 30ஐயும் முக்கினது என்ர பிழை, அதை ஒளிக்கேல்ல. பூசின லூர் இருந்தா, பஞ்சில தின்னர் தொட்டு வயித்துப் பக்கம் தேய்ச்சுப் பாருங்கோ. கரைஞ்சு வந்தா அது டூ கே இல்லை. சரியான ஹாட்னரில ஐசோசயனேற் எண்ட, நெஞ்சுக்குக் கூடாத சாமான் இருக்கு. சாதாரண துணி மாஸ்க் அதுக்குக் காணாது, வீட்டுக்குள்ள, சின்னப் பிள்ளையள் இருக்கிற இடத்தில விசிறவே வேண்டாம்.

பில். ஆர் என்ன உறவு சொன்னாலும் பில். கேட்டாக் குடுக்கத்தான் வேணும் எண்டு 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்திலேயே இருக்கு. அவையின்ர முறைப்பாட்டு இலக்கம் 1977. நாளைக்குக் காலமை நான் எடுக்கிறன், பில் இல்லாட்டியும் எடுக்கிறன்.

29 லூர் இன்னும் கொடியில தொங்குது. இண்டைக்கிரவு முதலாவதைச் சுரண்டத் தொடங்கிறன். யோகட் கோப்பை ரெண்டையும் எறியேல்ல. ஆருக்கும் சந்தேகம் எண்டா உப்புவெளிப் பக்கம் வரேக்கச் சொல்லுங்கோ, கொண்டு வந்து காட்டுறன்.