நீராவி ரேடியேட்டர் வீட்டுக்கு எந்த ஹியூமிடிஃபையர்?

அமெரிக்காவின் பாஸ்டனில் 1920களில் கட்டிய வீடுகள் பலவற்றில், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் என்ற இரும்புக் கருவிக்குள் ஓடுவது நீராவி. ஆனாலும் ஜனவரியில் உதடு வெடிக்கிறது, கதவுப் பிடியைத் தொட்டால் சுரீரென்று ஷாக் அடிக்கிறது. வீணை வைத்திருப்பவர்களுக்கு மரம் விரிசல் விடுமோ என்ற கவலை வேறு. அந்த நீராவி ரேடியேட்டரில் தண்ணீராகி பாய்லருக்கே திரும்பிவிடுகிறது. அறைக்கு வருவது சூடு மட்டும்தான். வறட்சிக்குக் காரணம், இடுக்குகள் வழியே நுழையும் வெளிக்காற்று. மைனஸ் 10 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 21 டிகிரிக்குச் சூடாக்கினால், அது சுமார் 9 சதவீதமாக இறங்கிவிடும்.

சூடான காற்றை டக்ட் என்ற காற்றுக்குழாய் வழியே அனுப்பும் வீடென்றால், காற்றுக்கு ஈரமூட்டும் ஹியூமிடிஃபையரை அந்த டக்டிலேயே பொருத்திவிடலாம். இங்கே டக்ட் கிடையாது. 1,700 சதுர அடி வீட்டில் மணிக்கு 70 சதவீதக் காற்று மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்தக் குளிரில் 30 சதவீத ஈரப்பதத்தைத் தக்கவைக்க நாளுக்குச் சுமார் 25 லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டும். குளியலும் சமையலும் இதில் ஒரு பங்கைத்தான் கொடுக்கும். ரேடியேட்டர் மேல் வைக்கும் தண்ணீர்த் தட்டுகள் இந்த அளவுக்குக் கிட்டவே வராது.

சுவரில் மாட்டும் ஸ்டீம் ஹியூமிடிஃபையர் இந்த அளவை எளிதாகத் தரும். ஏப்ரிலேர் 800 போன்ற மாடல்களுக்கு டக்ட் இல்லாத வீட்டில் பொருத்துவதற்கென்றே ஃபேன் பெட்டி கிடைக்கிறது. குழாய்த் தண்ணீர் தானாக நிரம்பும், தண்ணீர் கொதிக்கும் கலனான கேனிஸ்டரை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் பெரும்பாலும் போதும். ஆனால் தனி மின் லைன், தண்ணீர் இணைப்பு, வடிகால் மூன்றும் வேண்டும். மின்செலவும் உறைக்கும்: ஒரு லிட்டரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க 0.7 யூனிட்டுக்கு மேல் ஆகிறது, 25 லிட்டருக்குச் சுமார் 18 யூனிட்.

ஏசிக்காகப் பரணில் டக்ட் போட்டிருந்தால் அதிலும் ஸ்டீம் ஹியூமிடிஃபையரை இணைக்கலாம். எனக்கு இதில் தயக்கம் உண்டு. குளிர்ந்த பரணில் ஓடும் டக்டுக்குள் நீராவி படிந்து தண்ணீராகும், அது கூரைப் பலகையில் சொட்டினால் அப்புறம் பூஞ்சைதான்.

என் தேர்வு, தரையில் வைக்கும் திரி வகை ஹியூமிடிஃபையர், ஒவ்வொரு தளத்துக்கும் ஒன்று. ஈரத் திரி மேல் ஃபேன் காற்றை ஊதுகிறது, அவ்வளவுதான். ஆவியாக்கும் சூடு இங்கேயும் வேண்டும், ஆனால் அதை அறைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதாவது பாய்லரின் எரிவாயுவிலிருந்து; அங்கே அது மின்சாரத்தைவிட மலிவு. காற்றில் ஈரம் ஏற ஏற ஆவியாவதும் தானே குறையும். தினமும் தண்ணீர் சுமப்பதும் திரியைச் சுத்தமாக வைப்பதும் நிஜமான வேலைதான். முடியாதவர்கள் ஸ்டீமுக்குப் போகலாம். தண்ணீரை அதிரவைத்துப் பனிபோலத் தெளிக்கும் அல்ட்ராசோனிக் மட்டும் வேண்டாம், கடின நீரில் வீடெல்லாம் வெள்ளைத் தூள் படியும்.

ரேடியேட்டர் வால்வு ஆவி கக்கினால் ஈரம் கிடைக்கிறதே என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து உடனே மாற்றுங்கள். போன ஆவிக்கு ஈடாகப் பாய்லருக்குள் வரும் புதுத் தண்ணீர் ஆக்சிஜனையும் கொண்டுவந்து இரும்பை அரிக்கும்.

எதை வாங்கினாலும் அதற்கு முன் பரண், நிலவறை இடுக்குகளை அடைத்துவிடுங்கள். கசிவு பாதியானால் அந்த 25 லிட்டரும் பாதியாகும், சிறிய கருவியே போதும். வெளியே மைனஸ் 7 டிகிரி என்றால் உள்ளே 35 சதவீதம், மைனஸ் 18 என்றால் 25 சதவீதம் என்பது வழக்கமான உச்ச அளவு. சுவருக்குள் இன்சுலேஷன் இல்லாத பழைய வீட்டில் இதையும் எட்ட முயல வேண்டாம். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிய ஆரம்பித்தால், கண்ணுக்குத் தெரியாமல் சுவருக்குள்ளும் படிந்துகொண்டிருக்கலாம். அன்றைக்கே அளவைக் குறைத்துவிடுங்கள்.