இசட்-ஸ்டாண்டர்ட்: சிறு தமிழ்ப் பதிவுகளைச் சுருக்க ஏற்றதா?

இரணைமடுக் குளத்தின் கீழ் நெற்செய்கை பண்ணும் கமக்காரர்களின் காலபோக, சிறுபோக விதைப்பு விபரங்களை, ஆளுக்கொரு சிறு கோப்பாகக் கைபேசி இணைப்பில் அனுப்பும் வேலைக்கு இசட்-ஸ்டாண்டர்ட் என்ற இலவசச் சுருக்க மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறேன். இயான் கொலே உருவாக்கி, 2016 இல் பேஸ்புக் நிறுவனம் வெளியிட்ட இதனை மனநிறைவோடு பரிந்துரைக்கிறேன். ஆனால் அகராதியை, அதாவது கோப்புகளில் அடிக்கடி வருபவற்றின் தொகுப்பை, மாதிரிகளைக் கொண்டு பயிற்றாமல் பயன்படுத்தினால் சிறு கோப்புகளில் அதன் அருமை தெரியாது.

அடிக்கடி வரும் பைட்டுக்கு (0 முதல் 255 வரையான ஒரு எண்ணைத் தாங்கும் கணினி அலகு) குறுகிய குறியீடும் அரிதாக வருவதற்கு நீண்ட குறியீடும் கொடுப்பது, டேவிட் ஹஃப்மன் 1952 இல் வெளியிட்ட முறை; இசட்-ஸ்டாண்டர்டும் இதனைப் பயன்படுத்துகிறது. எந்தக் குறியீடும் இன்னொன்றின் தொடக்கமாக அமையாததால் இடையில் பிரிப்புக்குறி வேண்டியதில்லை. எனினும், சுருக்கிய கோப்பை விரிப்பவருக்குக் குறியீட்டு அட்டவணை தெரிந்திருக்க வேண்டும். பெரிய கோப்பில் அந்த அட்டவணையின் அளவு பொருட்டல்ல. நெல்லினம், வாய்க்கால் இலக்கம், ஏக்கர் என நாலு வரியில் முடியும் பதிவுக்கு அதுவே பாரமாகிவிடும். மாதிரிக் கோப்புகளைக் கொடுத்து அகராதியைப் பயிற்றினால், பொதுவான சொற்றொடர்களோடு குறியீட்டு அட்டவணைகளும் அதற்குள் சேர்ந்துவிடுகின்றன. இரு முனையிலும் அதே அகராதி இருந்தால், ஒவ்வொரு கோப்போடும் அட்டவணையை அனுப்பத் தேவையில்லை.

விரிக்கும் வேகமும் பாராட்டத்தக்கது. ஹஃப்மன் குறியீட்டின் நீளத்தை 11 பிட்டுக்குள் (பிட் என்பது ஒரு 0 அல்லது 1) நிறுத்தியிருப்பதால், 2048 இடங்கள் கொண்ட ஒரு அட்டவணையை ஒருமுறை பார்த்தாலே விடை கிடைத்துவிடுகிறது.

குறை தமிழில்தான் தெரிகிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடின் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு வடிவில் 'கி' என்ற ஒரே எழுத்துக்கு 6 பைட்டுகள் செலவாகின்றன: அகரமேறிய மெய்க்கு 3, உயிர்க்குறிக்கு 3. ஒவ்வொரு மூன்றிலும் முதலாவது எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. முன்னால் வந்ததைப் பார்க்காமல் பைட்டுகளைத் தனித்தனியே எண்ணும் ஹஃப்மன் பகுதி, புதிதாக எதையும் சொல்லாத அந்த 224 க்கும் ஒவ்வொரு தடவையும் ஓரிரு பிட்டுகளைச் செலவழிக்கிறது. தமிழுக்கு யூனிகோடில் ஒதுக்கப்பட்டவை 128 இடங்கள். ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறிகள் அடங்கிய அஸ்கியும் 128. இரண்டும் ஒரே பைட்டுக்குள் அடங்கும் என்பதால், சுருக்குவதற்கு முன்னர் அவ்வாறு மாற்றிவிடுவதே நல்லது. தமிழ்ப் பதிவுகளுக்கு இதனைக் கட்டாயம் செய்யுங்கள்.

புதிய நெல்லினங்கள் வரும்போது அகராதியை மீளப் பயிற்றலாம். ஆனால் பழைய அகராதியை அழித்துவிடாதீர்கள், அதைக் கொண்டு சுருக்கிய கோப்புகளை வேறொன்றால் திறக்க முடியாது.